காய்ச்சல் வந்த வாரம்

முப்பத்தோரு மணி நேரப் பேட்டியும் ஒரே இடத்தில்தான் போய் நின்றது: குழந்தைக்குக் காய்ச்சல்.

இருபது வருடங்களுக்கு முன்னால், அந்தத் தையல் ஆலையில் ஒரு வரிசைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுவிட்டார்கள். ஏன் என்பதுதான் மாணவியின் ஆய்வு.

முதலில் நின்றவளுக்குக் கைக்குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல். அவள் நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

“சங்கிலி சரியா வருது. எழுதி முடிச்சிடும்மா” என்றார் பேராசிரியர்.

மற்றதையெல்லாம் எழுதிவிட்டாள். அந்த முதல் கண்ணியை எழுத மட்டும் கை வரவில்லை.

குழந்தை காரணமில்லை என்று ஒருவராவது சொல்லிவிட மாட்டார்களா என்றிருந்தது. ஆய்வு செய்கிறவள் அப்படி ஏங்கக் கூடாது.

கடைசியாக, அந்த வரிசையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் வீடு. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. மாணவி கைப்பேசியில் பதிவைப் போட்டு நடுவில் வைத்தாள்.

“குழந்தைக்குக் காய்ச்சல்னுதானே அவங்க நின்னாங்க?”

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது தப்பு. கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“காய்ச்சலா! நாற்காலியை எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாங்கம்மா, நாங்க பேசக் கூடாதுன்னு. அவளாவது, வாயை மூடிட்டு இருக்கிறதாவது! மூணாம் நாளே கத்திரிக்கோலை வெச்சுட்டுப் போயிட்டா. அவ பேச்சு இல்லாம எங்களுக்கும் அங்க இருப்புக் கொள்ளல.”

“அப்போ காய்ச்சல்?”

“அது அடுத்த வாரம். வேலையை விட்ட குஷியில பிள்ளையைத் தூக்கிட்டு மழையில ஆட்டம் போட்டிருக்கா, கழுதை. கணக்கு முடிக்க வந்தப்ப ஏன் நின்னேன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. இடுப்புல பிள்ளை கொதிச்சுட்டு இருந்துச்சா, அதையே சொல்லிட்டா. இப்போ உயிரோட இருந்திருந்தா உன்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பா.”

விளைவுக்குப் பின்னால் வருவது காரணமாகாது. முதல் வருடத்திலேயே படித்த பாடம்தான். இன்றைக்குத்தான் மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது.

“அந்தப் பிள்ளை இப்போ எங்க இருக்கோ” என்றார் அவர்.

மாணவி பதிவை நிறுத்தினாள்.

“நான்தான், பெரியம்மா.”