எனக்கும்தான்
தொலைவில் குண்டு விழும்போதெல்லாம், உடைந்து சிதறாமலிருக்கக் காகித நாடா ஒட்டிய ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன. தேவாலயத்தின் பக்கத்து அறையில் நர்ஸம்மா பெண்பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேக்கரிக்காரர் மகள் எழுந்து நிற்கிறாள்; பாவாடை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். "சண்டை ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு சிஸ்டர். அம்மாகிட்ட சொல்லப் பயமா இருக்கு. ஏதாவது பெரிய வியாதியா?" நர்ஸம்மா சாக்பீஸை வைத்துவிட்டு வந்து அவள் பெஞ்சிலேயே உட்கார்கிறார். "பயத்துல உடம்பு அப்படியும் பண்ணும்டா கண்ணு. நாளைக்கு கிளினிக்குக்கு வா, எதுக்கும் பார்த்துடலாம். எனக்கும்தான் நின்னுபோச்சு." எவ்வளவு பெரிய மனுஷி, இத்தனை பேர் முன்னால் சற்றும் கூசாமல் சொல்லிவிட்டாரே என்று அவள் பாவாடை நுனியை விட்டுவிட்டு அவரைப் பார்க்கிறாள். பின்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்கிறது. அதைப் பார்த்து இன்னொன்று.