ரசனைக்காரி

இணையத்துப் பாட்டை ஸ்பீக்கருக்குத் தரும் ஸ்ட்ரீமர்களைக் கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுல தாளம்தான் தடதடங்குது, குரல் அமுங்கிப் போகுது. முதல்ல போட்டதுதான் நல்லா இருந்துச்சு. அதையே வாங்கிக்குங்க" என்றார், பக்கத்தில் நின்றவரிடம்.

அவர் மறுபேச்சில்லாமல் பர்ஸை எடுத்தார்.

கடைக்காரர் சிரித்தார். "கொடுத்து வச்சவர் சார் நீங்க! இப்படி ரசனையான வீட்டுக்காரி யாருக்கு அமையும்?"

அம்மாள் பதறிப்போனார். "ஐயையோ, நான் இவர் வீட்டுக்காரி இல்லைங்க, கீழ்வீட்டுக்காரி!"

"அப்புறம் எதுக்கும்மா நீங்க வந்து..."

"சத்தத்தைக் குறைங்கன்னு மாடிக்கு ஏறி ஏறி என் முழங்கால் தேஞ்சதுதான் மிச்சம். கேக்குற பாட்டாவது நல்லா கேக்கட்டுமே!"