பதினெட்டுக்குக் கீழே

படகு தீவின் இறங்குதுறையில் முட்டியதும் கோபிகா கரையைப் பார்த்தாள். அழுகிற பிள்ளையைக் காணவில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை.

ஓர் ஓட்டோ மட்டும் நின்றது. பின் இருக்கையில் யாரோ பெட்சீற் ஒன்றை மடித்து விரித்திருந்தார்கள்.

"சிறுவர் பாதுகாப்பு மிஸ்தானே? ஏறுங்கோ" என்றான் ஓட்டோக்காரன். அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

காலையில் அவள் வேலைபார்க்கும் கந்தோருக்கு ஒரு பெண் தொலைபேசி எடுத்திருந்தாள். ஒரு பிள்ளைக்கு உயிராபத்து, இன்றைக்கே வரவேண்டும் என்றாள். பாதியில் குரல் அறுந்தது. மூச்சை அடக்குவது மட்டும் கேட்டது. பிறகு வீடு இருக்குமிடத்தைச் சொல்லி வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்று யாரோ மிரட்டியிருக்க வேண்டும் என்பது கூட வந்த பொலிஸ்காரி துர்க்காவின் எண்ணம்.

சோழகக் காற்று தொடங்கியதிலிருந்து பயணிகள் படகு ஓடவில்லை. ஆனால் சிறுவர் முறைப்பாடு வந்தால் கடல் எப்படி இருந்தாலும் அரசாங்க வேகப்படகு போயே ஆக வேண்டும். சிறுவர் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வந்த கையோடு மேலிடம் போட்ட உத்தரவு அது. வேறு எதற்கென்றாலும் காற்று அடங்க வேண்டும். படகோட்டி சில்வெஸ்ரர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் இயந்திரத்தை முடுக்கினார்.

வழியெல்லாம் கோபிகா அந்தப் பிள்ளையையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆணா, பெண்ணா? எத்தனை வயதிருக்கும்? அடியா, பசியா, அதைவிட மோசமான ஏதாவதா?

ஓட்டோ போய் நின்ற வீட்டு முற்றத்தில் சைக்கிள் இல்லை. கொடியில் பள்ளிக்கூடச் சட்டை இல்லை. பிள்ளை இருக்கும் வீட்டுக்கான ஓர் அடையாளமும் இல்லை.

வாசலில் ஓர் இளைஞன் நின்றான். ஜெயரூபன் என்று பெயர் சொன்னான். வெளியே போகிறவன் போலச் சட்டை போட்டு, கையில் ஒரு பையும் வைத்திருந்தான்.

"பிள்ளை எங்கை?"

"உள்ளுக்கை, மிஸ்."

அவன் கண் கலங்கியிருந்தது. துர்க்கா அவனை மறித்துக்கொண்டாள். "நீர் இதிலை நில்லும்."

கோபிகா உள்ளே போனாள். விறாந்தை வெறுமையாகக் கிடந்தது. குசினியில் அடுப்பு அணைந்திருந்தது. அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்தாள்.

அறைக்குள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி ஒரு பெண் குனிந்து இருந்தாள். கழுத்துவரை போர்த்தியிருந்தாள். அவளைத் தவிர யாரும் இல்லை.

"பிள்ளையை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

பெண் நிமிர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. பேச வாய் திறந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். காலையில் தொலைபேசியில் கேட்ட அதே மூச்சு.

"போன மாசம் இஞ்சை நடந்த கூட்டத்திலை நீங்கள்தானே சொன்னனீங்கள், மிஸ்? பதினெட்டுக்குக் கீழை எண்டால் பிள்ளை எண்டு. எவ்வளவு கீழை எண்டு சொல்லேல்லை."

அவள் போர்வையை விலக்கினாள்.

கோபிகா அந்த நிறைமாத வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் நின்ற ஜெயரூபன் மிச்சத்தைச் சொன்னான். மனைவி பிரியவதனிக்கு விடியும் முன்பே வலி தொடங்கிவிட்டது. மருத்துவமாது வந்து பார்த்தா. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, யாழ்ப்பாணம் கொண்டுபோகாமல் ஏலாது என்றா. நோயாளர் படகின் இயந்திரம் பழுது. கேட்ட இடமெல்லாம் காற்று அடங்கட்டும் என்றார்கள். கடைசியில் பிரியவதனிதான் போனைப் பறித்து இந்த நம்பரை எடுத்தாள்.

"மிஸ், இது பொய் முறைப்பாடு" என்றாள் துர்க்கா மெதுவாக. "சட்டப்படி இவை ரெண்டு பேரிலையும் வழக்குப் போடலாம்."

"உயிராபத்து எண்டது பொய்யோ?"

துர்க்கா ஜெயரூபனின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பிரியவதனியைப் படகின் நடுவில் படுக்கவைத்தார்கள். தலை கோபிகாவின் மடியில் இருந்தது. சில்வெஸ்ரர் இப்போது முணுமுணுக்கவில்லை. ஒவ்வொரு அலைக்கும் வேகத்தைக் குறைத்து, ஒருதரம் திரும்பிப் பார்த்து, மறுபடி முடுக்கினார். உப்புத் தண்ணீர் எல்லோருடைய முகத்திலும் அடித்தது.

மறுகரையில், குறிகட்டுவான் துறையில் அம்புலன்ஸ் நின்றது. மடத்துவெளி தாண்டும்போது தாதி வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள்.

"துடிப்பு இருக்கு. ஆனா கெதியாய்ப் போகவேணும்."

சரவணை போனது. அல்லைப்பிட்டி போனது. பிரியவதனி கோபிகாவின் விரல்களை நசுக்கிக்கொண்டே வந்தாள். சேலை ஈரத்தில் ஒட்டியிருந்தது. விரல்களை விடுவித்துக்கொள்ளக் கோபிகாவுக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு மூடியது. மூடும் முன்பு வைத்தியர், "நேரத்துக்குக் கொண்டுவந்திட்டியள். தாயும் பிள்ளையும் தப்பிவிடுவினம்" என்றார்.

ஜெயரூபன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டான்.

அப்போதுதான் கோபிகாவின் போன் அடித்தது. மேலதிகாரி வேதநாதன். கொழும்பிலிருந்து விசாரிக்கிறார்களாம்.

"பிள்ளை பாதுகாப்பாய் இருக்கோ?"

"ஓம், சேர்."

"நல்லது. ஆணோ, பெண்ணோ?"

"தெரியாது, சேர்."



"என்னம்மா கதை இது? சரி, பிள்ளைக்கு எத்தினை வயது? அதையாவது சொல்லும்."

கோபிகா மூடிய கதவைப் பார்த்தாள்.

"இன்னும் தொடங்கேல்லை, சேர்."