மழைக்கு முளைத்தது

"இங்க இருந்த களையெல்லாம் எங்க, முத்துமணி?"

பக்கத்து வீட்டு மாரம்மா தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, அவரைப் பந்தலடியில் நின்று கேட்டாள். ஐப்பசி மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

"கீரை மாதிரி தளதளன்னு இருந்துச்சுக்கா. மொத்தத்தையும் பறிச்சுப் பொரியல் பண்ணி அவுக டப்பாவுல வச்சிட்டேன்."

மாரம்மாவின் முகம் மாறிவிட்டது. "வச்சிட்டயா? அது விஷச் செடியாச்சே. ஆடுகூட வாய் வைக்காது."

முத்துமணி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். புருஷன் பொன்னுசாமிக்கு வேலை கிடைத்து, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் அவள். கோடை முழுக்கப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக் காப்பாற்றிய தோட்டம் அது. மழை பிடித்ததும் அவரை பூத்தது, பூசணி கூரைக்கு ஏறியது. காப்பித் தம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆனந்தம்.

மாரம்மா வேறு தினமும் காலையில் வந்து, கேட்காமலே களை பிடுங்குவாள். குப்பையில் போடுவதாகச் சொல்லி மடி நிறைய அள்ளிக்கொண்டு போவாள். இப்படியும் ஒரு நல்ல மனசா என்று முத்துமணி உருகிப் போயிருந்தாள். இன்றைக்குப் பார்த்து அவள் வரத் தாமதம். மழையில் சந்தைக்கும் போக முடியவில்லை. கைக்கு எட்டியதைப் பறித்துவிட்டாள்.

அழுகையைக் கண்டதும் மாரம்மாவின் சுருதி இறங்கியது. "ஒருவாட்டி தின்னா ஒண்ணும் ஆவாது. இனிமே பறிக்காத, அவ்ளோதான்."

அதைக் கேட்க முத்துமணி அங்கே இல்லை. குடைகூட எடுக்காமல் சேற்றில் விழுந்தடித்து ஓடினாள். தோட்டத்தை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது. அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிடுகிறேன், என் புருஷனை மட்டும் காப்பாற்று என்று குலதெய்வத்திடம் கெஞ்சிக்கொண்டே ஓடினாள்.

கம்பெனி கேட்டை அடைந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பினார். பொன்னுசாமி பதறிக்கொண்டு வந்தான். கூடவே அவனோடு வேலை பார்க்கும் திம்மராயன், மாரம்மாவின் புருஷன்.

"சாப்பிட்டுட்டீகளா?"

"மிச்சம் வைக்காம. ஏன்?"

அவள் தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்தாள். எந்தச் செடி, எப்படி இருக்கும் என்றெல்லாம் சொன்னாள். விஷமென்று யார் சொன்னது என்பதைச் சொல்லத்தான் மறந்துவிட்டாள். பொன்னுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

திம்மராயன் மட்டும் சிரித்தான்.

"பயப்படாத தங்கச்சி. அது பண்ணைக்கீரை, மழைக்குத் தானா முளைக்கும். மழை பிடிச்சதுல இருந்து மாரம்மா எனக்கு அதைத்தான் கட்டித் தரா. எங்கயோ ஒரு வெகுளிப் பொம்பள, களைன்னு நெனச்சு தினமும் மடி நிறையக் குடுத்துடுதாம்."