ஹெட்போன் மாப்பிள்ளை

வாசற்படி ஏறும்போதே செல்லப்பா அதைப் பார்த்துவிட்டார்.

தங்கை புருஷன் ரத்தினம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். இரண்டு காதிலும் மஞ்சள் பஞ்சு வைத்த ஹெட்போன். அதன் வயர் பக்கத்து ஸ்டூலில் ஓடிக்கொண்டிருந்த டேப் ரிக்கார்டருக்குப் போனது.

“பாத்தியா மூக்கம்மா? பிச்சம்மாள் சொன்னது அம்புட்டும் நெசம்” என்றார் மனைவியிடம்.

பிச்சம்மாள் இந்த மேலகரத்தில் ரத்தினத்துக்குப் பக்கத்து வீடு. போன வாரம் சுரண்டைச் சந்தைக்கு வந்தவள், செல்லப்பாவின் வத்தல் கடையில் நின்று மூட்டிவிட்டுப் போனாள். ‘ஒங்க தங்கச்சி வாதம் வந்து உள்ள கெடக்கா அண்ணாச்சி. அந்த மனுசன் காதை அடைச்சிக்கிட்டுப் பாட்டுக் கேக்காரு.’

பேச்சித்தாயைக் கையோடு சுரண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை டாக்சி பிடித்தார். சீசன் நேரம். மேலகரத்தைத் தாண்டி நேரே குற்றாலம் போய், மெயினருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் இங்கே இறங்கியிருக்கிறார்கள். மூக்கம்மாளின் கூந்தலில் இன்னும் தண்ணீர் சொட்டியது.

“மெல்லப் பேசுங்க. அவுக காதுல விழப் போவுது.”

“எங்கன விழ? ரெண்டு காதும் அடைச்சாச்சி. இடி விழுந்தாலும் கேக்காது.”

“நான் வேணா எழுப்பட்டா?”

“எழுப்பாத. எம்புட்டு நேரம் கெடக்கான்னு பாப்போம்.” பெஞ்சில் உட்கார்ந்தார். “நாலு மாசமா அவ படுத்த படுக்கை. இவனுக்குப் பாட்டுக் கேக்குது. இவன் கையில குடுத்ததுக்குப் பாழுங்கெணத்துல தள்ளியிருக்கலாம். பாத்துக்கிட்டே இரு, அவ கண்ணை மூடின மறுமாசம் இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்து நிப்பான்.”

மூக்கம்மாள் உள் அறைப் பக்கம் பயந்து பார்த்தாள். கதவுக்குப் பதில் ஒரு பழைய சேலைதான் தொங்கியது.

ரத்தினம் அசையவில்லை. ஹெட்போனிலிருந்து பாட்டு கொசு முனகுவதுபோல் வெளியே கசிந்துகொண்டிருந்தது.

சற்று நேரம் போயிருக்கும். ரத்தினம் சட்டென்று கண்ணைத் திறந்தான். ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்தான்.

“வாங்க அத்தான். வாங்கக்கா. எப்ப வந்திய?”

“இப்பத்தான்” என்றார் செல்லப்பா.

“ஒரு நிமிசம் இருங்க. அவளைப் பெரட்டிப் போட்டுட்டு வந்திருதேன்.” சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

“நடிப்பைப் பாத்தியா? அவ கூப்பிடவே இல்ல. நம்மளக் கண்டதும் ஓடுதான்.”

அவர்களும் உள்ளே போனார்கள். ரத்தினம் பேச்சித்தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தான். வலது கையும் காலும் விழுந்துபோன உடம்பு. குரலும் இறங்கிப்போயிருந்தது. அவள் பேச, செல்லப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

“வாசல்ல டாக்சி நிக்கி பேச்சி. நம்ம வீட்டுக்குப் போயிருவோம்.”

“எதுக்குண்ணே?”

“எதுக்கா? கூப்பிட்டா ஏன்னு கேக்க நாதி உண்டா இங்கன? மாப்பிள்ளைதான் காதுல அதை மாட்டிக்கிட்டுக் கெடக்காரே.”

ரத்தினம் அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டான்.

“நாந்தாண்ணே வாங்கச் சொன்னேன்” என்றாள் பேச்சித்தாய். “ரேடியோ சத்தம் என் தலைக்குள்ள ஆணி அடிக்க மாதிரி இருக்கு. பாட்டுன்னா உசிர விடுத மனுசன், மூணு மாசமா அந்தப் பொட்டியைத் தொடவே இல்ல. எனக்குப் பொறுக்கல. நம்ம தெரு அகமது கபீர் அண்ணாச்சி துபாயில இருந்து ரெண்டு தினுசு கொண்டாந்திருந்தாரு. காதை முழுசா மூடுததுலதான் பாட்டு எடுப்பா இருக்கும்னு அவரு எம்புட்டோ சொன்னாராம். இவுக அதை வேண்டாம்னுட்டு, பின்னால ஓட்டை ஓட்டையா இருக்க இதை எடுத்துட்டு வந்தாக.”

“வெல கொறச்சலா இருந்திருக்கும்” என்றார் செல்லப்பா.

பேச்சித்தாய் அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். “நான் வரலண்ணே. நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க.”

செல்லப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “சோறு திங்கவா வந்தேன்? மூக்கம்மா, நீ போய் வண்டியில ஏறு.”

அவள் வாசலுக்குப் போனாள். அவரும் விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் ஹெட்போன் கிடந்தது. டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி என்னதான் இருக்கு இதுல?

எடுத்துத் தலையில் மாட்டினார்.

காது நிறைய நாதஸ்வரம். தவில் நெருக்கிக்கொண்டு வந்தது. நல்லாத்தான் இருக்கு என்று நினைத்தார்.

ஆனால் ஓட்டுக் கூரையில் சாரல் விழுவதும் கேட்டது. வாசலில் டாக்சிக்காரர் தீக்குச்சி கிழித்தது கேட்டது. உள்ளே கட்டிலில் பேச்சித்தாய் விரலை அசைத்ததில் ஒற்றை வளையல் சட்டத்தில் இடித்ததும் கேட்டது.

செல்லப்பா அசையாமல் நின்றார். நாதஸ்வரம் அதுபாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், இறங்கிப்போயிருந்த அந்தக் குரலும் சேலையைத் தாண்டி வந்தது.

“ஏங்க, அண்ணன் வந்ததும் கூடத்துல வச்சுப் பேசினது எல்லாம் ஒங்க காதுல விழுந்துச்சா?”

“இல்லையே பேச்சி” என்றான் ரத்தினம். “காதுல மாட்டியிருந்தேம்லா. ஒண்ணுமே கேக்கல.”