முந்திரிக் கம்பெனி முதலாளி

"ஓய் சிவதாணு, ஆபீசர் உள்ள வந்தா நீரு எழும்பப்பிடாது. முதலாளி இருந்துகிட்டேதான் கும்பிடுவாரு," என்றார் யேசுரத்தினம்.

"எங்க சார், உங்களைக் கண்டாலே கால் தன்னால எழும்பிருது."

அதில் பொய் இல்லை. வேலைக்குப் பேர் பதிந்துவிட்டு, வருஷக்கணக்காய் யேசுரத்தினத்தின் மேசைக்கு முன்னால் நின்று பழகிய கால் அது. பஸ் ரோட்டில் ஒரு மாடி அறைதான் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸின் அந்தக் கிளை. அங்கே அதிகாரியும் யேசுரத்தினம்தான், குமாஸ்தாவும் அவரேதான். இன்றைக்கு என்னவென்றால் மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, மாமனாரிடம் இரவல் வாங்கிய சரிகை நேரியலைத் தோளில் போட்டு சிவதாணுவை உட்கார வைத்திருந்தார்.

எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரின் உத்தரவு செய்த வேலை. சர்க்கார், முதலாளி, தொழிலாளி என மூன்று தரப்பும் கூடிப் பேசித்தான் இனி ஆட்களுக்கு வேலை தேடித் தர வேண்டுமாம். அப்படி ஒரு கமிட்டி நடக்காத ஆபீஸை மூடிவிடுவார்களாம். யேசுரத்தினம் நாயாய் அலைந்தார். தனக்கும் நாற்காலி போட்டால்தான் வருவேன் என்றார் தொழிலாளர் சங்கத்துக்காரர். அவருக்கு நாற்காலி போட்டால் வரமாட்டேன் என்றார் கூப்பிட்டிருந்த கம்பெனி முதலாளி. பொதுவாக இருக்கட்டும் என்று பெஞ்சு போட்டார், இரண்டு பேருமே வரவில்லை. அதற்குள் கமிட்டி ஜோராக நடப்பதாக மேலே எழுதித் தொலைத்திருந்தார். 'முதலாளி கட்டாயம் இருக்கட்டும், நானே நேரில் வருகிறேன்' என்று திருவனந்தபுரத்திலிருந்து பெரிய ஆபீசர் பதில் போட்டுவிட்டார்.

வேறு வழி? பேர் பதிந்து காத்திருந்தவர்களில் இரண்டு பேரைப் பிடித்தார். மாமனார் வீட்டுச் சோற்றில் கொஞ்சம் சதை போட்டிருந்த சிவதாணு, இராஜாக்கமங்கலம் பக்கம் முந்திரிக் கம்பெனி நடத்தும் முதலாளி. நிஜமாகவே ஒரு முந்திரிக் கம்பெனியிலிருந்து துரத்தப்பட்டிருந்த தங்கப்பன், தொழிலாளர் தலைவர்.

சிவதாணு இதற்குச் சம்மதித்ததற்குக் காரணம் உண்டு. வரிசையில் அவன் பேர் இப்போதுதான் தலைமாட்டுக்கு வந்திருந்தது. ஆபீஸை மூடினால் திருவனந்தபுரம் ஆபீஸில் பேர் பதிந்து, மறுபடி வரிசையின் கால்மாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அவன் தங்கியிருந்த பூதப்பாண்டி வீட்டில் மாமனார் ஒன்றும் சொல்வதில்லை. சண்முகவடிவுதான் புருஷனுக்குச் சோறு விளம்பும்போது இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை. இன்னொரு வருஷம் அந்தச் சோற்றைத் தின்ன அவனால் முடியாது.

பெரிய ஆபீசர் வந்தார். நரைத்த தலை, சாயம் போன கோட்டு. சிவதாணு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கும்பிட்டான். அவர் இவனைவிட நன்றாகக் குனிந்து கும்பிட்டார்.

கூட்டம் தொடங்கியதும் தங்கப்பன் பிடித்துக்கொண்டான்.

"கொட்டை உடைக்குத பொம்பளையளுக்குக் கொட்டைச் சாறு பட்டுக் கையெல்லாம் பொள்ளிப் போவுது. தடவ எண்ணெய் கேட்டா, நாளைக்கு வராண்டாம்னு சொல்லுதீரு. நீரெல்லாம் மனுசனாவே?"

ஒத்திகையில் இது இல்லை. சிவதாணுவுக்கு நிஜமாகவே சுருக்கென்றது. ஒரு கம்பெனியைக் கட்டி மேய்க்கிறவன் படும் பாடு இவனுக்கு என்ன தெரியும்?

"சரக்கு கப்பல்ல கிடந்து அழுகுது. அதை நீரா பாக்கியீரு?" என்று மேசையைத் தட்டினான்.

யேசுரத்தினம் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தார். சிவதாணு சுதாரித்துக்கொண்டு இறங்கி வந்தான். இல்லாத கம்பெனியிலிருந்து எதைக் கொடுத்தால் என்ன? எண்ணெய் உண்டு என்றான். துரத்தினவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றான். இனிமேல் சொந்தக்காரன், சிபாரிசு என்று ஒருத்தரும் உள்ளே வர முடியாது, ஆள் வேண்டுமென்றால் இந்த ஆபீஸ் மூலமாகத்தான் என்றும் வாக்குக் கொடுத்தான். தங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், யாரிடம் கேட்டு வாங்கினோம் என்பது அவனுக்கும் மறந்துபோயிருந்தது.

பெரிய ஆபீசர் தங்கப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யேசுரத்தினம் பயபக்தியோடு நீட்டிய காகிதங்களையும் புரட்டவில்லை. கம்பெனி எவ்வளவு பெரிசு, வியாபாரம் எப்படி, கணக்கு வழக்கெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று முதலாளியைத்தான் துருவினார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிச் சமாளித்தான் சிவதாணு. கணக்கு மட்டும் நானேதான் பார்க்கிறேன், நம்பிக்கையான ஆள் அமையவில்லை என்று அலுத்தும் கொண்டான். ஆபீசர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் திருப்தி என்று அவர் சொன்னதும் யேசுரத்தினத்துக்கு உயிர் வந்தது. தங்கப்பனையும் கூட்டிக்கொண்டு காப்பி வாங்கக் கீழே ஓடினார்.

பெரிய ஆபீசர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

போச்சு என்று நினைத்தான் சிவதாணு. கண்டுபிடித்துவிட்டார். கணக்கைப் பற்றிச் சொன்னதில்தான் எங்கேயோ உளறியிருக்க வேண்டும். இனி போலீஸ், கேஸ், பூதப்பாண்டி முழுக்கப் பேச்சு. காலில் விழுந்துவிடலாம் என்று அவன் நாற்காலியை விட்டு இறங்கப் போனான். ஆபீசர் முந்திக்கொண்டார்.

"யேசுரத்தினத்துகிட்ட இப்பச் சொல்லாண்டாம். போன வாரமே இந்த மாதிரிக் கிளை ஆபீஸையெல்லாம் மூட ஆர்டர் ஆயாச்சு, அதைப் பாத்துக்கிட்டிருந்த என் வேலையும் போகுது. முதலாளி ஒருத்தர் வாறாருன்னு கேட்டதுனாலதான் நானே பஸ் ஏறி வந்தேன்," என்று இரண்டு கையையும் கூப்பினார் அவர். "உங்க கம்பெனியில எனக்கு ஒரு கணக்கப்பிள்ளை வேலை கிட்டுமா?"