கை நனைக்காத மாப்பிள்ளை

"இந்தா பாருடி, வந்தவுக பஸ்ஸேறிப் போற வரைக்கும் நீ ஒரு வாய் திங்கக் கூடாது. தின்னுட்டு வாந்தி எடுத்தே, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

மகள் முருகேஸ்வரிக்குப் பூ வைத்துக்கொண்டே மிரட்டினாள் சந்தனம்மாள். பாவம், அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. கல்யாணமாகாத பெண் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தால் பாலவனத்தம் ஊர் சும்மா இருக்குமா? கண்டபடி பேசி, வந்த இரண்டு சம்பந்தத்தையும் கலைத்துவிட்டது.

சித்தியோடு போய் மதுரை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த முருகேஸ்வரி, டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். "குடல ஒரு ரத்தக்குழாய் அமுக்குதாம்மா. ஒல்லியான வயசுப் பிள்ளைகளுக்கு எப்பவாச்சும் வருமாம். சதை போட்டாச் சரியாயிருமாம். அதுவரைக்கும் சாப்பிட்டதும் குப்புறப் படுக்கணுமாம். அதிசயமா, இந்த வாரத்துல நான் ரெண்டாவது ஆளாம்."

இதை ஊரில் யாரிடம் சொல்லி நம்ப வைப்பது? நல்லவேளை, மல்லாங்கிணற்றிலிருந்து இந்தச் சம்பந்தம் தானாகத் தேடி வந்தது.

மாப்பிள்ளை கருத்தப்பாண்டி தாய் பேச்சியோடு வந்தான். காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. போகட்டும், நம்ம பிள்ளை மட்டும் என்ன!

பெண்ணைப் பார்த்து முடிந்ததும் இலை போட்டார்கள். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பேச்சி உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"எனக்குப் பசிக்கலைங்க."

"ரேசன் சீனிய மிச்சம் பிடிச்சுக் கிண்டுன கேசரி தம்பி. ஒரு வாயாச்சும்..."

"வேணாங்க."

சந்தனம்மாள் உள் அறையை எட்டிப் பார்த்தால், அடிப்பாவி! முருகேஸ்வரி ஒரு தட்டுக் கேசரியைக் காலி பண்ணிவிட்டுப் பாயில் குப்புறக் கிடந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"பொண்ணு பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க. இப்படி இலையில உக்காராம அவமானப்படுத்தாதீக!"

பேச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஐயய்யோ, அப்படியில்ல மதினி. இவன் சாப்பிட்டா ஒடனே குப்புறப் படுத்தாகணும், இல்லேன்னா வாந்தி. பொண்ணு பாக்க வந்த எடத்துல எப்படிப் பாய் கேக்குறது?"

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து முருகேஸ்வரியின் குரல் வந்தது.

"அம்மா, பரண்ல இன்னொரு பாய் கெடக்கு, எடுத்து விரி. டாக்டர் சொன்ன மொத ஆளு அவுகதான். பொண்ணு கேட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியிலயே நாந்தான் சொல்லிவிட்டேன்."